பெருங்காய டப்பாவும் நான்காவது திருத்தமும்

2019 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில், இலினாய் மாநிலத்து ப்ளூமிங்டனில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு, எண்பது பேருக்குச் சாப்பாடு. விடியற்காலை இரண்டரை மணிக்கே வாடகைக் கிச்சனைத் திறந்து புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் உட்பட ஏழு வகையும் முடித்து, அரோராவிலிருந்து கிளம்பும்போது மணி ஆறரை. வண்டி ஒரு பழைய டொயோட்டா சியன்னா. பின்சீட்டுகளை எடுத்துவிட்டு ஹாட் பாக்ஸ்களும் ஃபாயில் ட்ரேக்களுமாக அடுக்கியிருந்தேன்.

ஐ-55 நெடுஞ்சாலையில் பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. எந்த ஊர் போலீஸ் என்று எழுதப் போவதில்லை. நிறுத்தியதற்குக் காரணம், உள் கண்ணாடியில் நான் மாட்டியிருந்த சந்தன மணி மாலை. ஓட்டுபவரின் பார்வையை மறைக்கிறதாம். இலினாய் மாநிலத்தில் அப்போது அது ஒரு குற்றம்தான், எனக்குத்தான் தெரியாது. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் எச்சரிக்கைச் சீட்டோடு திரும்பி வந்தார். சீட்டையும் லைசென்ஸையும் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாகக் கேட்டார்: "வண்டியில் இருக்கக் கூடாதது ஒன்றும் இல்லையே? ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டுமா?"

நான் சொன்னது: "ஓகே, ஷ்யூர் சார்."

அந்த "ஓகே" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் அப்பா கும்பகோணத்தில் கல்யாண சமையல் காண்டிராக்டர். தேர்தல் சமயத்தில் பறக்கும் படை டெம்போவை நிறுத்தினால், அவர்கள் வாய் திறப்பதற்குள் அப்பாவே இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிடுவார். அண்டா மூடியைத் தூக்கிக் காட்டுவார். "மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம்" என்பார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு பதில் வருமா?

பார்வை முப்பத்தைந்து நிமிடம் நீடித்தது. கையுறை மாட்டிக்கொண்டார். இன்னொரு வண்டியும் வந்து சேர்ந்தது. ஹாட் பாக்ஸ் ஒவ்வொன்றாகப் புல்தரையில் இறங்கியது. ஃபாயில்களைத் தூக்கிப் பார்த்தார்கள். என் அஞ்சறைப் பெட்டியை மோந்து பார்த்தவர் முகம் சுளித்து, "இது என்ன வாசனை?" என்றார். பெருங்காயம். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "வேரிலிருந்து வடியும் பிசின், சாம்பாருக்கு" என்றேன். சாம்பார் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி. இன்று சிரிப்பு வருகிறது. அன்று ரோட்டோரத்தில், பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, தயிர் சாதம் திறந்தபடி கிடப்பதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. "ஹேவ் எ குட் டே" என்று போய்விட்டார்கள். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கியது நான்தான். திறந்த ட்ரே எதையும் பந்தியில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு வகையைக் குறைத்து, வளைகாப்பு வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் குறைத்துக்கொண்டேன்.

வாரா வாரம் என்னிடம் டிபன் வாங்கும் ஒரு பெண் இருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடும் வக்கீல். அவளிடம் புலம்பினேன். வாரண்ட் இல்லாமல் எப்படி என் வண்டியைக் குடையலாம், கேஸ் போட முடியுமா என்றேன்.

"ஆன்ட்டி, நீங்கதானே ஓகே சொன்னீங்க?" என்றாள்.

அதோடு வழக்கே முடிந்துவிட்டது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் சொன்னதையும், அதற்கப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, சமையல்காரி. அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் 1791-ல் வந்தது. உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் எதையும் நியாயமில்லாமல் சோதனை போடக் கூடாது, முகாந்திரம், அதாவது நம்பத் தகுந்த காரணம், இல்லாமல் வாரண்ட் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறது. அப்போது கார் ஏது? கார் வந்தபிறகு சிக்கலும் வந்தது. மதுவிலக்குக் காலம். 1921 டிசம்பரில் மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் பக்கம் ஓல்ட்ஸ்மொபைல் கார் ஒன்றை அதிகாரிகள் மடக்கினார்கள். அதில் வந்தவர்களைச் சாராயம் கடத்துபவர்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். சில மாதங்களுக்கு முன் வாங்குபவர்கள் போல் நடித்து விலைபேசியும் இருந்தார்கள். சீட்டின் மெத்தையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே 68 பாட்டில், விஸ்கியும் ஜின்னும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1925-ல் தீர்ப்பு வந்தது, கேரல் வழக்கு என்று பெயர். வீடு நின்ற இடத்தில் நிற்கும், கார் நிற்காது. வாரண்ட் வாங்கிவிட்டு வருவதற்குள் அது எல்லை தாண்டிப் போய்விடும். அதனால் காருக்கு வாரண்ட் வேண்டாம். ஆனால் முகாந்திரம் கட்டாயம் வேண்டும்.

அந்த இரண்டாவது பாதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். காருக்கு மன்னிக்கப்பட்டது வாரண்ட் மட்டும்தான். முகாந்திரத்தை யாரும் மன்னிக்கவில்லை.

முகாந்திரம் என்றால் எவ்வளவு? 1983-ல் எங்கள் இலினாயிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, எல்லாச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்த்தால் குற்றத்துக்கான தடயம் அங்கே இருக்கும் என்று நம்ப நியாயமான வாய்ப்பு தெரிய வேண்டும் என்று. என் பாஷையில் சொன்னால், அடிப்பிடித்த வாசம் வந்தால் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்க்கலாம். வாசமே வராமல், "இவள் அடிக்கடி அடிப்பிடிக்க விடுபவள்" என்ற நினைப்பில் கிளறக் கூடாது. என் வளைகாப்பு வண்டியில் அப்படி ஒரு வாசமும் இல்லை. பெருங்காயம்கூட டப்பாவைத் திறந்த பிறகுதான். அவரிடம் முகாந்திரம் இல்லை, அதனால்தான் சிரித்த முகத்தோடு சம்மதம் கேட்டார். கேட்கிறார்கள் என்றாலே, பெரும்பாலும் கேட்காமல் செய்ய அவர்களிடம் காரணம் இல்லை என்று அர்த்தம். இதை 2019-ல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

போலீஸ் சொல்லியிருக்க வேண்டாமா, மறுக்கலாம் என்று? வேண்டாமாம். 1973-லேயே தீர்ப்பு: மறுக்கும் உரிமை இருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சம்மதம் மிரட்டலில்லாமல் வந்திருந்தால் போதும். லைசென்ஸைத் திருப்பித் தந்தபிறகு "நீங்கள் போகலாம்" என்று சொல்லவும் தேவையில்லை, இது 1996 தீர்ப்பு. நான் போயிருக்கலாம்! சீட்டு கைக்கு வந்த நொடியே என் வேலை முடிந்தது. கான்ஸஸ் மாநிலத்தில் இந்த உத்திக்கு ஒரு பெயரே உண்டாம். போவதுபோல் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிவந்து "இன்னும் ஒரு கேள்வி கேட்கலாமா" என்பது. நடனத்தின் பெயரை வைத்து "டூ-ஸ்டெப்" என்கிறார்கள். "ஒரு பார்வை" என்றுதானே கேட்டார், டப்பாவை ஏன் திறந்தார் என்றால், அதற்கும் 1991-ல் பதில் இருக்கிறது. வண்டியைப் பார்க்கலாம் என்று பொதுவாகச் சம்மதித்தால், தேடும் பொருள் இருக்கக்கூடிய மூடிய பையும் அதில் அடங்கும் என்று சாதாரண மனிதர் புரிந்துகொள்வார் என்றது நீதிமன்றம். சம்மதத்தை இடையில் நிறுத்திக்கொள்ளவும் முடியும், "போதும், இனி வேண்டாம்" என்று. அதுவும் எனக்குத் தெரியாது.

மாலைக்காக நிறுத்தியது வெறும் சாக்கு என்று வாதாடலாமா என்றும் கேட்டேன். அந்த வழியும் அடைத்துவிட்டார்கள். 1996-ல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, சின்ன விதிமீறல் உண்மையிலேயே இருந்தால் போதும், அதிகாரி மனதுக்குள் என்ன நினைத்தார் என்பதை நான்காவது திருத்தம் பார்க்காது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. சாலையில் ஒரு விதியையும் மீறாமல் பத்து மைல் ஓட்டக்கூடியவர் யார்? ஆனால் என் பிடித்தம் சட்டம் இல்லை.

இரண்டாவது முறை, 2022 மார்ச். என் அக்கா மகன் ஷாம்பேனில் படிக்கிறான், எஃப்-1 என்னும் மாணவர் விசா. வசந்தகால விடுமுறைக்கு அவனை வீட்டுக்கு அழைத்துவரப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஐ-57-ல் எழுபதில் போக வேண்டியவள் எழுபத்தெட்டில் போனேன். தப்பு என்னுடையதுதான். இந்த முறை வந்த அதிகாரி சிரிக்கவில்லை. ஜன்னலை இறக்கியதும் மூக்கை உறிஞ்சினார். "எரிந்த கஞ்சா வாசம் வருகிறது" என்றார்.

எனக்கு வரவில்லை. பையன் போட்டிருந்த ஜாக்கெட் அறை நண்பனுடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, டிபன் வாங்கும் அந்த வக்கீல் தோழி சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "ஆஃபீசர், நீங்கள் சொல்வதற்குக் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை." குரல் நடுங்கியது. அவர் பதில் உடனே வந்தது: "உங்கள் சம்மதம் எனக்குத் தேவையில்லை மேடம். வாசமே போதும்."

இருவரையும் இறங்கச் சொன்னார். இறங்கினோம். ஓட்டுநரை இறக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்று 1977-லும், கூட வருபவரையும் இறக்கலாம் என்று 1997-லும் தீர்ப்பாகியிருக்கிறது. இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள்.

பையனுக்கோ இளம் ரத்தம். "சித்தி, இந்த ஸ்டேட்ல அது லீகல்தானே, நான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தான். கையைப் பிடித்து அழுத்தினேன். இலினாயில் 2020 ஜனவரி முதல் 21 வயது ஆனவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி சரிதான். ஃபெடரல் சட்டத்தில், அதாவது மத்திய அரசின் சட்டத்தில், இன்னும் குற்றம். விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டுக்காரர்களும் ஃபெடரல் சட்டத்தின் கையில்தான் இருக்கிறோம். "எப்போதாவது ஒருமுறை பிடித்திருக்கிறேன்" என்று ரோட்டோரத்தில் வாய்விட்டால், வண்டியில் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் பின்னாளில் விசா கவுண்டரில் அது எதிரே வந்து நிற்கலாம். விதண்டாவாதத்தைவிட மௌனம் எவ்வளவோ மேல். அங்கே நின்று சட்டம் பேசுவது, கொதிக்கிற எண்ணெயோடு வாதாடுவது மாதிரி.

வண்டி முழுக்கத் தேடினார். பையனின் முதுகுப்பையையும் திறந்தார். "ஓட்டியது நான், பை அவனுடையதாயிற்றே" என்று தோழியிடம் பிறகு கேட்டேன். 1982-லேயே முடிவான விஷயமாம்: வண்டிக்கு முகாந்திரம் இருந்தால், தேடும் பொருள் அடங்கக்கூடிய எந்த இடத்தையும் எந்தப் பையையும் திறக்கலாம். வயோமிங்கில், ஓட்டுநரின் சட்டைப் பையில் ஊசி இருந்ததற்காகக் கூட வந்த பெண்ணின் கைப்பையைத் திறந்ததும் செல்லும் என்று 1999-ல் சொல்லிவிட்டார்கள். யாரோடு ஒரே காரில் ஏறுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கதவு பூட்டியே இருக்கிறது. அதிகாரி பையனிடம் "போனைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறாயா?" என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன். "நோ ஆஃபீசர், சம்மதமில்லை" என்றான். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன விஷயம் அது. கைதானவரின் போனாக இருந்தாலும் உள்ளே பார்க்க வாரண்ட் வேண்டும்.

இந்த முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேகத்துக்கு டிக்கெட் கொடுத்தார், கட்டினேன்.

வீட்டுக்காரர் கேட்டார், "சொல்லியும் தேடத்தானே செய்தார்கள், அப்புறம் அந்த வாக்கியத்தால் என்ன லாபம்?" நியாயமான கேள்வி. தோழியின் பதில் இது: அந்த வாக்கியம் ரோட்டுக்காகச் சொல்வதில்லை, கோர்ட்டுக்காகச் சொல்வது. ஒருவேளை அந்த ஜாக்கெட் பையில் ஏதாவது இருந்திருந்தால், அது சாட்சியமாகச் செல்லுமா என்று நீதிபதி முன் கேட்க முடியும். சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களும் தள்ள வேண்டும் என்பது 1961-லிருந்து இருக்கிறது. சம்மதம் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வாய்ப்பில்லை. அதிகாரியின் உடம்பில் இருக்கும் கேமராவில் "சம்மதிக்கவில்லை" என்று தெளிவாகப் பதிவாக வேண்டும், அதற்குத்தான் வாயால் சொல்வது. தலையாட்டல், தோள்குலுக்கல், "அது... வந்து..." எல்லாம் பின்னால் சம்மதம் என்று ஆகிவிடும்.

அவள் சொன்னதன் அர்த்தம் இரண்டரை வருஷம் கழித்துத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. 2024 செப்டம்பரில் இலினாய் உச்ச நீதிமன்றம் ரெட்மண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐ-80-ல் நிறுத்தப்பட்ட ஒரு கார், எரிந்த கஞ்சா வாசம் என்ற ஒரே காரணம், உள்ளே சுமார் ஒரு கிராம். எரிந்த வாசம் மட்டும் முகாந்திரம் ஆகாது, புகை, தூள், போதையில் ஓட்டிய அறிகுறி என்று வேறு ஏதாவது வேண்டும் என்றது நீதிமன்றம். எங்களிடம் "வாசமே போதும்" என்றாரே, அதே வாசம்! அந்த மனிதர் 2020-ல் நிறுத்தப்பட்டவர். நாலு வருஷம் விடாமல் வாதாடித்தான் அந்த வரி வந்திருக்கிறது.

உடனே குதிக்க வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம், எரிக்காத பச்சைக் கஞ்சாவின் வாசம் மட்டுமே முகாந்திரத்துக்குப் போதும் என்றது. காரணம், காரில் வைத்துக் கொண்டுபோவதானால் வாசம் வெளியே வராத மூடிய டப்பாவில் வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வாசம் வந்தால் அந்தச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது. எரிந்த வாசத்துக்கு ஒரு நீதி, பச்சை வாசத்துக்கு ஒரு நீதி. பெருங்காயத்தில் கூட்டுப் பெருங்காயம், பால் பெருங்காயம் என்று பிரிப்பதுபோல் பிரித்துவிட்டார்கள். எல்லை தாண்டி இண்டியானாவுக்குள் போய்விட்டால் எங்கள் தீர்ப்புக்கு மதிப்பே இல்லை, அங்கே கஞ்சாவே குற்றம். பென்சில்வேனியாவில் வேறு மாதிரி: 2020 முதல் அவர்கள் மாநில சாசனப்படி முகாந்திரத்தோடு அவசரமும் இருந்தால்தான் வாரண்ட் இல்லாமல் காரைத் தேடலாம். நீண்ட பயணம் போகிறவர்கள் தங்கள் மாநிலத்துச் சட்டம் கூடவே வரும் என்று நினைக்கக் கூடாது.

மோப்ப நாய் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள். நாய் காரைச் சுற்றி மோப்பம் பிடிப்பதே சோதனை ஆகாது என்று 2005-ல் ஒரு தீர்ப்பு, அதுவும் எங்கள் ஐ-80-ல் நடந்ததுதான். நாய் காட்டிக்கொடுத்தால் அது முகாந்திரமாகிவிடும். ஆனால் நியாயமான சந்தேகம் இல்லாமல் நாய் வருவதற்காக நம்மைக் காக்கவைக்க முடியாது. நெப்ராஸ்காவில் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு நாய்க்காக ஏழெட்டு நிமிடம் நிறுத்திவைத்த வழக்கில், அப்படிச் சந்தேகம் இல்லாமல் நிறுத்திவைப்பது தவறு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் சீட்டு கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஆஃபீசர், நான் போகலாமா?" போகலாம் என்றால் போய்விடுங்கள். இல்லை என்றால் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊபர் ஓட்டும் எங்கள் தெருக்காரர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. லைசென்ஸ் காலாவதியானதைக் கவனிக்காமல் ஓட்டி, வண்டியை டோ செய்து எடுத்துப்போனால், உள்ளே இருப்பதை எல்லாம் பட்டியல் போடுவார்கள். அதற்கு முகாந்திரம்கூடத் தேவையில்லை, 1976-லிருந்தே அப்படித்தான். லைசென்ஸ் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டையோ நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்யும் ஐ-94 தாளையோ கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

சந்தன மாலையை அன்றைக்கே கழற்றிவிட்டேன். 2024 ஜனவரி முதல் கண்ணாடியில் தொங்குவதற்காக மட்டும் இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். திரும்ப மாட்டலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், "இருக்கட்டும், பூஜையறையிலேயே நன்றாயிருக்கிறது" என்றார்.

போன மாதம் மகளுக்குப் பதினாறு முடிந்து லைசென்ஸ் வந்தது. வீட்டு வாசலிலேயே அவளை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, நான் டார்ச்சோடு போய் ஜன்னலைத் தட்டினேன். "லைசென்ஸ், இன்ஷூரன்ஸ்" என்று கடுமையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே குனிந்து கைப்பைக்குள் கையை விட்டாள். "முதலில் சொல்லு, அப்புறம் கையை எடு: ‘என் லைசென்ஸ் பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா?’ இன்னொரு தடவை" என்றேன். அடுத்த தடவை சம்மதமில்லை என்கிற வாக்கியத்தை, என்னிடம் அறையைச் சுத்தம் செய்ய மாட்டேன் என்று சொல்லும் அதே தொனியில் சொன்னாள். ஐந்தாவது தடவையில்தான் குரல் தணிந்து, கைகள் இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. எதிர்வீட்டுக்காரர் நாயோடு நடந்து போனவர், நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.